மோரிஸ் மைனரின் முன்பக்கச் சத்தம்: கண்டுபிடிப்பதும் சரிசெய்வதும்

வேகத்தடையில் ஏறி இறங்கும்போது ஒரு 'டொக்'. பிரேக்கை மிதித்தால் இன்னொரு 'டொக்'. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துக் காரை நிறுத்தும்போது துருப்பிடித்த கதவைப் போல 'கிறீச்'. மூன்றும் முன்பக்கத்திலிருந்துதான் வருகின்றன. ஆனால் மூன்றுக்கும் காரணம் ஒன்றல்ல. பழைய மோரிஸ் மைனரைப் புதிதாக வாங்கியவர்கள் பெரும்பாலும் முதலில் ஷாக் அப்சார்பரை மாற்றிவிடுகிறார்கள். அந்தக் காரில் விலை கூடிய பாகங்களில் அதுவும் ஒன்று. மாற்றியபின்னும் சத்தம் அப்படியே இருக்கும்.

இந்தச் சத்தங்களில் பெரும்பாலானவை காதுக்குத்தான் தொல்லை. ஒன்று மட்டும் உயிர் சம்பந்தப்பட்டது. முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனை திருகி நிற்கும் துண்டுதான் கீழ் டிரனியன். அதன் மரை தேய்ந்திருந்தால் ஒருநாள் முன்சக்கரம் கழன்று காருக்கடியில் மடங்கிவிடும். ஆகவே வேறு எதைத் தொடுவதற்கும் முன் அந்த ஒன்றைச் சோதித்துவிட வேண்டும்.

முன்பக்கத்தில் என்ன இருக்கிறது

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இந்தக் கார் 1948-இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்தது. 1970களின் தொடக்கம் வரை 16 லட்சத்துக்கும் மேல் தயாரானது. இலங்கைத் தெருக்களில் இன்றும் தினசரி ஓட்டத்தில் இருக்கிறது. இத்தனை ஆண்டுகளில் இன்ஜின் மூன்றுமுறை மாறியது. முன்பக்க சஸ்பென்ஷனின் அடிப்படை அமைப்பு மாறவே இல்லை. அதனால் இங்கே சொல்வது எல்லா ஆண்டுக் கார்களுக்கும் பொருந்தும்.

குனிந்து பார்த்தால் சுருள் ஸ்பிரிங் எதுவும் தெரியாது. சேசிஸை ஒட்டி, முன்னிருந்து பின்னாக நீளமான ஓர் இரும்புத் தண்டு ஓடும். அதுதான் டார்ஷன் பார். பின்முனை சேசிஸின் குறுக்குச் சட்டத்தில் இறுகப் பிடித்திருக்கும். முன்முனை லோயர் ஆர்முக்குள் பல்பற்களாகச் செருகியிருக்கும். சக்கரம் மேலே எழும்பும்போது இந்தத் தண்டு முறுகும். அந்த முறுக்குதான் ஸ்பிரிங்.

லோயர் ஆர்ம், முன்பாதி பின்பாதி என இரண்டு துண்டாக இருந்து போல்ட்டால் இணைந்திருக்கும். டார்ஷன் பார் பிடித்திருப்பது பின்பாதியில். இதை நன்றாக நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும். ஆர்மின் உள்முனை சேசிஸில் உள்ள ஐ போல்ட்டில் (வளையத் தலை கொண்ட போல்ட்), ரப்பர் புஷ்களின் (உறைகளின்) மேல் அசையும். ஆர்ம் முன்னும் பின்னும் போகாமல் தடுக்க அதிலிருந்து முன்னோக்கி ஒரு டை பார் போகும். சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங்கின் டை ராட் வேறு, இது வேறு. மேல்பக்கம் தனி ஆர்ம் கிடையாது. ஆர்ம்ஸ்ட்ராங் லீவர் வகை ஷாக் அப்சார்பரின் கைதான் மேல் ஆர்மாகவும் வேலை செய்கிறது.

இரண்டு ஆர்முக்கும் நடுவே செங்குத்தாக நிற்பது கிங் பின். அதன் இரண்டு முனைகளிலும் மரை வெட்டியிருக்கும். மேல் முனை மேல் டிரனியனுக்குள்ளும் கீழ் முனை கீழ் டிரனியனுக்குள்ளும் திருகியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் கிங் பின் அந்த மரைகளுக்குள் சுழன்று, சிறிதளவு ஏறி இறங்குகிறது. கிரீஸ் வற்றிவிட்டால் அந்த மரைதான் தேயும்.

இனி எடை எந்த வழியாக இறங்குகிறது என்று பாருங்கள். தரை சக்கரத்தை மேலே தள்ளுகிறது, சக்கரத்தோடு கிங் பின்னும் மேலே போகப் பார்க்கிறது. டார்ஷன் பாரோ லோயர் ஆர்மைக் கீழே அழுத்துகிறது. அதாவது கார் நிற்கும் ஒவ்வொரு நொடியும் கிங் பின்னைக் கீழ் டிரனியனிலிருந்து மேல்நோக்கிப் பிடுங்கும் விசை அந்த மரையில் இருக்கிறது. மரை கத்திமுனை போலக் கூராகித் தேய்ந்ததும் ஒருநாள் பிடுங்கிக்கொள்ளும். பெரும்பாலும் வேகமாக ஓடும்போது அல்ல, மெதுவாக ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பும்போதுதான் இது நடக்கும். பெரிய சத்தம் ஏதும் முன்னறிவிப்பாக வராமலும் போகலாம்.

தூக்குவதற்கு முன் காதால் பிரியுங்கள்

கூட ஒருவரை உட்காரவைத்து, கண்ணாடிகளை இறக்கி, ஆளில்லாத தெருவில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுங்கள். எப்போது, எந்தப் பக்கம் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிரேக் பிடிக்கும்போது ஒரு 'டொக்', பிரேக்கை விட்டு நகரும்போது மறுபடி ஒன்று என்றால், முதலில் டை பாரின் ரப்பர் புஷ்ஷைச் சந்தேகியுங்கள். மேடுபள்ளத்தில் ஒற்றை அடியாக, கனமாக விழும் சத்தம் ஐ போல்ட் புஷ்ஷிலோ தளர்ந்த ஷாக் அப்சார்பர் போல்ட்டிலோ இருக்கும். சின்னச் சின்னக் கல்லில் ஓடும்போது விடாமல் 'கடகட' என்றால் ஸ்டியரிங் பக்கம் போங்கள்: டை ராட் எண்ட் (டை ராடின் முனை மூட்டு), ரேக்கின் (ஸ்டியரிங்கைத் திருப்பினால் இடம் வலமாக நகரும் பற்சட்டம்) உள் பந்து மூட்டு. கிறீச்சிடுவது பெரும்பாலும் காய்ந்த டிரனியன் அல்லது காய்ந்த ரப்பர். வளைவில் மட்டும் கூடிக் குறையும் உறுமல் சக்கர பேரிங்.

சஸ்பென்ஷனே அல்லாத காரணங்களையும் இப்போதே கழித்துவிடுங்கள். சக்கர நட், தளர்ந்த பேட்டரித் தட்டு, பானட் பூட்டு, சேசிஸில் இடிக்கும் சைலன்சர் குழாய், செத்துப்போன இன்ஜின் மவுண்டிங் ரப்பர் என எல்லாவற்றையும் கையால் ஆட்டிப் பாருங்கள். மவுண்டிங் ரப்பர் போயிருந்தால், கிளட்ச்சை விடும்போது இன்ஜின் ஒரு பக்கமாகச் சாய்ந்து இடிக்கும்; அந்த இடி அப்படியே டை பார் சத்தம் போலவே கேட்கும். வண்டியை நிறுத்தி, இன்ஜின் ஓட, கிளட்ச்சை மெல்ல விட்டு இழுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

கருவிகள், தூக்கும் முறை

மைனரின் நட்டு போல்ட்டுகள் அங்குலக் கணக்கு. 1/2, 9/16, 5/8, 3/4, 15/16 அங்குல ஏ.எஃப். (நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையிலான அளவு) ஸ்பேனர்கள் வேண்டும். 1/2 அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். அதில் 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் நுழையும். ஆனால் துருவேறிய நட்டில் பலம் கொடுத்ததும் முனைகளைச் சீவிவிடும். இவற்றோடு நல்ல கிரீஸ் கன், இரண்டடிக் கடப்பாரை, கம்பி பிரஷ், மண்ணெண்ணெய், டார்ச், இரண்டு ஸ்டாண்ட், ஒரு தரை ஜாக்கி.

சமதளத்தில் நிறுத்திப் பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை போடுங்கள். சேசிஸுக்கடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, உறுதியான இடமாகப் பார்த்து ஸ்டாண்ட் வையுங்கள். ஸ்டாண்ட் வைக்கும் இடத்தை முதலில் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் இரும்பு, பொத்தென்றால் துரு. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கடியில் தலையை நுழைக்காதீர்கள்.

கீழ் டிரனியனைச் சோதிப்பது

பலர் தவறுவது இங்கேதான். சேசிஸைத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டு ஆட்டிப் பார்த்து, 'ஆட்டம் இல்லை' என்று முடித்துவிடுவார்கள். சக்கரம் தொங்கும்போதும் டார்ஷன் பார் லோயர் ஆர்மைக் கீழே அழுத்திக்கொண்டுதான் இருக்கும். ஷாக்கின் கை, அது மேலும் இறங்காமல் தடுக்கும் ரப்பர் கட்டையில் தட்டி நிற்கும். நடுவில் மாட்டிய மரை இழுபட்டு இறுகி நிற்பதால் தேய்மானம் ஒளிந்துகொள்ளும்.

சரியான முறை இது. ஸ்டாண்ட் இருக்கட்டும். ஜாக்கியை லோயர் ஆர்மின் வெளிமுனைக்கடியில் கொண்டுபோய் மெல்ல உயர்த்துங்கள். ஷாக்கின் கை ரப்பர் கட்டையை விட்டு ஒரு விரல் அளவு விலகட்டும். சக்கரம் தரையில் தொடக் கூடாது. இப்போது டார்ஷன் பாரின் அழுத்தம் முழுவதையும் ஜாக்கி தாங்குகிறது, மரை தளர்ந்திருக்கிறது. டயருக்கடியில் கடப்பாரையைக் கொடுத்து ஒருவர் மெல்ல நெம்பி விடட்டும். நீங்கள் கீழ் டிரனியனும் கிங் பின்னும் சேரும் இடத்தில் விரல் நுனியை வைத்துப் பாருங்கள். டிரனியன் அசையாமல் இருக்க, கிங் பின் மட்டும் 'டிக்' என்று மேலேறி இறங்கினால் மரை தேய்ந்திருக்கிறது. புது மரையிலும் மிக நுண்ணிய இடைவெளி உண்டு, அது விரலுக்குத்தான் தெரியும். கண்ணுக்கே தெரியும்படி ஒரு மில்லிமீட்டர் ஏறினால் அந்தக் காரை அன்றோடு நிறுத்துங்கள், கராஜுக்குக்கூட ஓட்டிப்போக வேண்டாம்.

கிரீஸும் சாட்சி சொல்லும். நிப்பிளில் (கிரீஸ் கன்னை மாட்டும் சிறு முனை) கிரீஸ் அடித்து, வெளியே வருவதை வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். கறுப்பாக இருப்பது பழைய கிரீஸ், கவலையில்லை. செங்காவி நிறமென்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வெயிலில் சாய்த்துப் பார்க்கும்போது வெள்ளிப்பொடி போல மினுங்கினால் அது மரையின் இரும்பேதான்.

ஜாக்கி அதே நிலையில் இருக்கும்போதே சக்கரத்தின் மேல்விளிம்பையும் அடிவிளிம்பையும் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் கூட இருப்பவரைப் பிரேக்கை அழுத்தி மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் டிரனியன். மைனரின் முன்பேரிங்குகள் பந்து பேரிங். இடையில் ஸ்பேசர் இருக்கும். நட்டை இறுக்கி ஆட்டத்தைக் குறைக்கும் வழி அதில் இல்லை, மாற்றத்தான் வேண்டும். பிறகு இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டுங்கள். அதில் மட்டும் ஆட்டம் இருந்தால் டை ராட் எண்டும் ரேக்கும்.

மற்ற இடங்கள்

டை பாரின் முன்முனையில் தாங்கியின் இரு பக்கமும் ரப்பர் திண்டும் வாஷரும் இருக்கும். நெம்பிப் பார்க்கும்போது தண்டு தாங்கியின் ஓட்டையில் உரசினாலோ ரப்பர் வெடித்துப் பிதுங்கியிருந்தாலோ மாற்றுங்கள். அந்தத் தாங்கி சேசிஸில் பற்றவைத்த இடத்தையும் கம்பி பிரஷால் தேய்த்துப் பாருங்கள். துருவில் விரிசல் விட்டிருந்தால் எத்தனை புஷ் போட்டாலும் சத்தம் நிற்காது. டார்ஷன் பாரின் பின்முனையைத் தாங்கும் குறுக்குச் சட்டத்துக்கும் இது பொருந்தும்.

ஐ போல்ட் புஷ்ஷுக்கு, ஆர்முக்கும் சேசிஸுக்கும் இடையே கடப்பாரை வைத்து லேசாக நெம்புங்கள். ரப்பர் நசுங்கி மீண்டால் நல்லது; இரும்போடு இரும்பு தட்டினால் போய்விட்டது. ஐ போல்ட்டின் நட்டு தளர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். அதுவே பல நேரம் காரணம்.

ஷாக் அப்சார்பரை நான்கு போல்ட்டுகள் பிடித்திருக்கும். கூட இருப்பவர் மட்கார்டை அமுக்கி விட, நீங்கள் ஷாக்கின் உடம்பில் கைவையுங்கள். உடம்பே அசைந்தால் போல்ட் தளர்வு. உடம்பு அசையாமல், கை நுழையும் அச்சு மட்டும் பக்கவாட்டில் ஆடினால் உள் தேய்மானம். அதற்கு மறுசீரமைத்த ஷாக்தான் வழி.

எந்த ரப்பர் கிறீச்சிடுகிறது என்று தெரியவில்லையா? சந்தேகப்படும் ஒரு புஷ்ஷில் மட்டும் சோப்புத் தண்ணீரை ஊற்றி, காரை அமுக்கி விடுங்கள். சத்தம் சில நிமிடம் அடங்கினால் அதுதான். கிரீஸோ இன்ஜின் ஆயிலோ ரப்பரில் பூசாதீர்கள். ரப்பர் ஊதிக் கூழாகிவிடும்.

எளிய வேலைகள் முதலில்

முன்பக்கத்தில் ஒவ்வொரு பக்கமும் மூன்று நிப்பிள்: மேல் டிரனியன், கீழ் டிரனியன், டை ராட் எண்ட். பின்னாளில் மாற்றிய டை ராட் எண்டுகளில் நிப்பிள் இல்லாமலும் இருக்கும். நிப்பிளைத் துடைத்துவிட்டு கன்னை மாட்டுங்கள். துடைக்காமல் அடித்தால் மண்ணைத்தான் மரைக்குள் தள்ளுகிறீர்கள். மேலே சொன்னபடி லோயர் ஆர்முக்கடியில் ஜாக்கி கொடுத்து, மரையின் பாரத்தை எடுத்துவிட்டு அடிப்பதே சரி. சக்கரம் தரையில் நிற்க அடித்தால், அழுந்தியிருக்கும் பக்கத்துக்கு, அதாவது தேயும் பக்கத்துக்கே, கிரீஸ் போகாது. பாதி அடித்ததும் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, மீதியை அடியுங்கள். இரண்டு முனையிலும் புதுக் கிரீஸ் எட்டிப்பார்க்க வேண்டும். ஏறவில்லையென்றால் நிப்பிளைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவுங்கள் அல்லது புதிது போடுங்கள். 1,000 மைலுக்கு, அதாவது 1,600 கிலோமீட்டருக்கு ஒருமுறை இதைச் செய்யுங்கள். வெள்ளத்தில் இறங்கி ஏறினால் கணக்குப் பார்க்காமல் உடனே.

ஷாக்கில் ஆயில் குறைந்தால் கார் தொட்டில் போல ஆடும். மூடியைச் சுற்றி ஒரு துகள் மண் இல்லாமல் துடைத்துவிட்டுத் திறங்கள். எஸ்.ஏ.இ. 20 ஷாக் ஆயில் அல்லது மோட்டார்சைக்கிள் ஃபோர்க் ஆயிலைத் துளையின் அடிவிளிம்புக்குச் சற்றுக் கீழே வரை மட்டும் ஊற்றுங்கள். மேலே காற்றுக்கு இடம் வேண்டும். பிரேக் ஆயில் ஊற்றாதீர்கள்.

டை பார் புஷ் மாற்றுவது புதியவரும் செய்யக்கூடியது. முன்முனையின் காட்டர் பின்னை (நட்டு கழலாமல் தடுக்கும் கம்பி ஊசி) எடுத்து நட்டைக் கழற்றுங்கள். பிறகு தண்டின் மறுமுனையை லோயர் ஆர்மிலிருந்து விடுவித்து, பின்னோக்கி இழுத்தெடுங்கள். வாஷர் எந்தப் பக்கம் குழிந்திருந்தது என்று கழற்றுமுன் படம் எடுத்துவையுங்கள். பாலியுரித்தேன் புஷ் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் சாலையின் அதிர்வைக் கூடுதலாக உள்ளே அனுப்பும். அமைதியான கார் வேண்டுமென்றால் நல்ல ரப்பரே போதும்.

கீழ் டிரனியன் மாற்றுவது

முதல்முறையென்றால் அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். டார்ஷன் பாரில் காரின் முன்பாரத்தைத் தாங்கும் விசை அடைபட்டிருக்கிறது. லோயர் ஆர்ம் திடீரென்று விடுபட்டால் காலை முறித்துவிடும். ஷாக்கைக் கழற்றுவதற்கும் இதே எச்சரிக்கை. அதுதான் மேல் ஆர்ம் என்பதை மறந்து நான்கு போல்ட்டையும் எடுத்துவிட்டால், ஆர்மைப் பிடிக்க எதுவும் இருக்காது.

சேசிஸில் ஸ்டாண்ட், சக்கரம் கழற்றியாயிற்று. ஜாக்கி லோயர் ஆர்மின் பின்பாதிக்கடியில் இருக்க வேண்டும், ஏனென்றால் டார்ஷன் பார் அதில்தான். நடுவே மரக்கட்டை வைத்தால் வழுக்காது. ஷாக்கின் கை ரப்பரை விட்டு விலகும்வரை உயர்த்துங்கள். டை பாரை ஆர்மிலிருந்து விடுவியுங்கள். டிரனியனின் குறுக்கு அச்சிலுள்ள நட்டுகளையும், ஐ போல்ட் பக்க நட்டையும், இரு பாதிகளையும் சேர்க்கும் போல்ட்டுகளையும் எடுத்தால் முன்பாதி முன்னோக்கி வந்துவிடும். டிரனியனை அச்சோடு சேர்த்துப் பின்பாதியிலிருந்து உருவுங்கள். சக்கர டிரம்மைக் கம்பியால் மேலே கட்டிவிடுங்கள். பிரேக் ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸ் உள்ளே கிழியும்.

இப்போது டிரனியனைக் கிங் பின்னிலிருந்து திருகி எடுக்கலாம். இடது வலது பக்க மரைகள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசை. ஆகவே வாங்கும்போதே எந்தப் பக்கத்துக்கு என்று சொல்லி வாங்குங்கள். கிங் பின்னின் மரையை மண்ணெண்ணெயில் கழுவிப் பாருங்கள். மரையின் உச்சி தட்டையாக இருந்தால் நல்லது. கத்தி போலக் கூராக இருந்தால் கிங் பின்னும் மாற்ற வேண்டும். தேய்ந்த பின்னில் புது டிரனியன் போடுவது காசைக் கரியாக்கும் வேலை.

புது டிரனியனில் நிறையக் கிரீஸ் தடவி, ரப்பர் வளையத்தைப் போட்டு, முட்டும்வரை திருகுங்கள். பிறகு சுமார் ஒரு சுற்று பின்வாங்குங்கள். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பினால் எங்கும் முட்டக் கூடாது. பின்வாங்காமல் விட்டால் ஒரு பக்கம் ஒடிக்கும்போது மரை அடியில் முட்டி நசுங்கும். அச்சு, த்ரஸ்ட் வாஷர், ரப்பர் வளையம் எல்லாம் புதிது போட்டு, கழற்றிய வரிசைக்கு எதிர் வரிசையில் மாட்டுங்கள். காட்டர் பின் ஒவ்வொன்றும் புதிது. பழையதை நிமிர்த்தி மாட்டாதீர்கள்.

ஐ போல்ட் புஷ் மாற்ற டார்ஷன் பாரின் முறுக்கு முழுதாக இறங்க வேண்டும். அதை வீட்டில் முயல வேண்டாம், மைனர் தெரிந்த கராஜில் கொடுங்கள். கொடுக்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள். இடது வலது டார்ஷன் பார்கள் மாறக் கூடாது. ஒவ்வொன்றும் தன் திசையில் முறுகிப் பழகியவை. தண்டில் சுத்தியல் வடுவோ ஸ்பேனர் கீறலோ விழக் கூடாது. அங்கிருந்துதான் விரிசல் தொடங்கும். ரப்பர் புஷ் உள்ள நட்டுகளை, கார் நான்கு சக்கரத்திலும் தரையில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையிலேயே இறுக்கினால் ரப்பர் எந்நேரமும் முறுகியே இருந்து சில மாதத்தில் கிழிந்துவிடும்.

வேலை முடிந்ததும் காரைத் தரையில் இறக்கி, முன்பக்கத்தைப் பலமுறை அமுக்கி விட்டு, நட்டுகளை இறுக்குங்கள். முன்சக்கர டோ-இன் (சக்கரங்களின் முன்விளிம்புகள் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) 3/32 அங்குலம், ஏறக்குறைய 2.4 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று அலைன்மென்ட் பாருங்கள். முதலில் ஓட்டிய அதே தெருவில் அதே 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, குறித்துவைத்த சத்தத்தோடு ஒப்பிடுங்கள். 150 கிலோமீட்டர் ஓடியபின் எல்லா நட்டுகளிலும் மறுபடி ஸ்பேனர் வைத்துப் பார்த்துவிட்டு, கிரீஸ் அடித்தபோது மைல் மீட்டர் காட்டிய எண்ணைப் பானட்டின் உள்பக்கம் பெயின்டால் எழுதிவையுங்கள்.